லாஞ்ச்பேட் மினியா, எக்ஸா, புஷ்ஷா? கிரிட் பேட் வாங்கும் முன் விரல்களைக் கேளுங்கள்

ஓராண்டாக மடிக்கணினியில் ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளை மௌஸால் மட்டும் இயக்கி ட்ராக் செய்து வருவதாகவும், இனி மேடையில் வாசிக்க விரும்புவதாகவும், அதற்காக 64 பொத்தான்கள் கொண்ட கிரிட் பேட் ஒன்றை வாங்க நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நோவேஷன் லாஞ்ச்பேட் மினி போதுமா, லாஞ்ச்பேட் எக்ஸ் வேண்டுமா, அகாய் ஏபிசி மினி எப்படி, இன்னும் பணம் சேர்த்து ஏபிள்டன் புஷ் வாங்குவதே நல்லதா என்பவை உங்கள் கேள்விகள். கர்நாடக இசை ஓரளவு கற்றிருப்பதால் இதில் ராகம் வாசிக்க முடியுமா என்றும் இடையில் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் நான்கு பெயர்கள் இருந்தாலும் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, விலை கூடக்கூடக் கையில் கிடைப்பது என்ன, அது உங்களுக்குத் தேவையா என்பதுதான் என்று புரிந்துகொள்கிறேன். இத்தகைய கருவிகளில் பல ஆண்டுகளாக வாசித்தும் பிறருக்குக் கற்பித்தும் வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுகிறேன். நம் மெல்லிசைக் குழுக்களில் பேட் என்றால் குச்சியால் அடித்து வாசிக்கும் ரிதம் பேட், அதாவது ஆக்டபேட் வகைக் கருவி என்றே பொருள். அதற்குள்ளேயே ஒலிகள் இருக்கின்றன. ஒலிபெருக்கியில் இணைத்தால் போதும், வாசிக்கத் தொடங்கலாம். நீங்கள் பட்டியலிட்டிருக்கும் கருவிகள் விரலால் இயக்கப்படுபவை. அவற்றில், கணினியைத் தனக்குள்ளேயே கொண்ட புஷ் 3 வகை ஒன்றைத் தவிர, எதற்கும் சொந்தமாக ஒலி கிடையாது. எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது, சில கருவிகளில் எவ்வளவு வலுவாக என்ற செய்தியை, மிடி என்ற மின்னணு இசைக் கருவிகளின் பொதுமொழியில் அவை கணினிக்கு அனுப்புகின்றன. எந்தப் பொத்தான் எந்த நிறத்தில் ஒளிர வேண்டும் என்ற செய்தியைக் கணினி திருப்பி அனுப்புகிறது. அவற்றின் வேலை அத்துடன் முடிந்தது.

இந்த இருவழிப் போக்குதான் கிரிட் பேட்டின் அடிப்படை. அமெரிக்காவின் மோனோம் நிறுவனம் 2006-ல் வெளியிட்ட 40எச் என்ற கருவியில் 64 பொத்தான்களும் அவற்றின் அடியில் விளக்குகளும் மட்டுமே இருந்தன. எதன் மேலும் ஒரு எழுத்துகூட அச்சிடப்படவில்லை. பொத்தானை அழுத்தினாலே விளக்கு எரிந்துவிடாது. எரிய வேண்டுமா இல்லையா என்பதை மென்பொருள் தீர்மானித்தது. ஆகவே அதே 64 பொத்தான்கள் ஒரு நேரம் லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் இசைத் துண்டு, வெட்டும் கருவியாகவும், வேறொரு நேரம் தாள வரிசை எழுதும் பலகையாகவும் மாற முடிந்தது. நோவேஷன் 2009-ல் ஏபிள்டனுடன் சேர்ந்து கொண்டுவந்த முதல் லாஞ்ச்பேட், இந்த எண்ணத்தை எட்டக்கூடிய விலைக்கு இறக்கியது. 2011-ல் மேடியான் என்ற பிரெஞ்சு இளைஞர் லாஞ்ச்பேடை வைத்துப் பல பாடல்களின் துண்டுகளைக் கோத்து வாசித்த காணொளி உலகெங்கும் பரவியபின் இக்கருவிக்குப் பெரும் மவுசு வந்தது. ஒன்றை இங்கே சொல்லிவைக்க வேண்டும். இணையத்தில் நீங்கள் காணும் பளபளக்கும் லாஞ்ச்பேட் விளக்கு விளையாட்டுகளில் விளக்குகள் முன்கூட்டியே நிரல் எழுதப்பட்டவை. அவற்றைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கிரிட் பேட்டில் விரல்கள் இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. ஒன்று, முன்பே செய்துவைத்த லூப்களையும் கிளிப்களையும் (லைவில் தனித்தனியே ஓடவிடக்கூடிய இசைத் துண்டுகள்) தொடங்குவதும் நிறுத்துவதும். மற்றொன்று, ஒவ்வொரு அடியையும் ஸ்வரத்தையும் அந்த நொடியில் விரலாலேயே வாசிப்பது. பார்ப்பதற்கு இரண்டும் பொத்தானை அழுத்துவதாகவே தோன்றினாலும், கருவியிடம் இவை கேட்பவை முற்றிலும் வேறு. வாங்கியபின் மனம் நொந்துகொள்பவர்களில் பெரும்பாலோர் இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் வாங்கியவர்கள் என்பது என் அனுபவம்.

கிளிப் தொடங்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். ஏபிள்டன் லைவில் குளோபல் குவான்டைசேஷன் என்ற அமைப்பு இயல்பாகவே ஒரு பார், அதாவது ஒரு தாளச் சுற்று, என்ற அளவில் இருக்கும். நீங்கள் பொத்தானை எப்போது அழுத்தினாலும் அந்தக் கிளிப் அடுத்த பாரின் முதல் அடியில்தான் தொடங்கும். வேகம் 120 என்றும் தாளம் நான்கு அடி என்றும் வைத்துக்கொண்டால் ஒரு பார் இரண்டு நொடி. அதாவது உங்கள் விரல் அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும், அடுத்த பார் தொடங்குவதற்குள் அழுத்திவிட்டால் மென்பொருள் அதைச் சரிசெய்துவிடுகிறது. எவ்வளவு வலுவாக அழுத்தினீர்கள் என்பதும் இயல்பு அமைப்பில் கணக்கில் வருவதில்லை. இந்த வேலைக்கு விலை குறைந்த பொத்தானும் விலை உயர்ந்த பேட்டும் ஒன்றுதான். இது என் கருத்தன்று, மென்பொருள் அப்படித்தான் இயங்குகிறது. இங்கே முக்கியமானவை வேறு: இருட்டான மேடையில் எந்தக் கிளிப் எது என்று நிறத்தால் தெரிய வேண்டும்; ஓடுகிற ட்ராக்குகளின் ஒலியளவைக் கூட்டவும் குறைக்கவும் கைக்கு ஏதாவது வேண்டும்.

விரலால் வாசிக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. மிடியில் ஓர் அடியின் வலு 1 முதல் 127 வரையிலான எண்ணாகப் பதிவாகிறது. இதை வெலாசிட்டி என்பார்கள். லாஞ்ச்பேட் மினியிலும் ஏபிசி மினியிலும் இருப்பவை அழுத்தினால் ஆம், விட்டால் இல்லை என்று மட்டும் சொல்லும் பொத்தான்கள். மெல்லத் தொட்டாலும் ஓங்கி அழுத்தினாலும் ஒரே எண்தான் போகும். டிரம்ஸின் ஹை-ஹாட் தட்டில் பதினாறு அடியும் ஒரே வலுவில் விழுந்தால் கேட்பவருக்கு உடனே சலிப்புத் தட்டும். லாஞ்ச்பேட் எக்ஸ், லாஞ்ச்பேட் ப்ரோ, புஷ், அகாய் 2023-ல் கொண்டுவந்த ஏபிசி 64 ஆகியவற்றின் பேட்கள் வலுவை உணர்பவை; அழுத்தியபின் மேலும் அழுத்தும் ஆஃப்டர்டச் அழுத்தத்தையும் அனுப்பக்கூடியவை. இவ்வகைப் பேட்களில் பெரும்பாலும் அழுத்தத்துக்கேற்ப மின்தடை குறையும் ஒரு மெல்லிய உணரி ரப்பருக்கு அடியில் இருக்கிறது. விலை ஏறுவதற்கு முதல் காரணம் அதுதான்.

டிரம் வாசிப்பது மட்டுமே உங்கள் நோக்கமானால் 64 பேட் கொண்ட கிரிட்டே தேவையில்லை என்று சொல்வேன். ரோஜர் லின் வடிவமைத்து அகாய் 1988-ல் வெளியிட்ட எம்பிசி 60 கருவியில் நான்குக்கு நான்காக 16 பெரிய தடித்த பேட்கள் இருந்தன. ஹிப்-ஹாப் இசையின் விரல் வாசிப்பு பெரும்பாலும் அந்த அமைப்பின் மேல் வளர்ந்தது. இன்றும் அகாயின் எம்பிடி வரிசை, நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் மஷீன் மைக்ரோ போன்றவை அதே அமைப்பில் வருகின்றன. விரல் நுனி குறி தவறினாலும் பெரிய பேட் தாங்கிக்கொள்ளும். 64 சிறிய கட்டங்களில் பக்கத்துக் கட்டம் சேர்ந்து ஒலித்துவிடும். லாஞ்ச்பேட் எக்ஸிலும் புஷ்ஷிலும் டிரம் வாசிக்க முடியாது என்று இதற்குப் பொருளில்லை. லைவில் டிரம் ரேக் என்ற டிரம் ஒலித் தொகுப்பை ஏற்றியவுடன் இடது கீழ் மூலையில் நான்குக்கு நான்கு கட்டங்கள் அதற்காகவே அமைந்துவிடுகின்றன. வசதியாக இருக்கிறதா என்பது மட்டும் விரலின் பருமனையும் பழக்கத்தையும் பொறுத்தது. அதை எழுத்தில் யாராலும் சொல்லிவிட முடியாது. கடையிலோ நண்பரிடமோ பத்து நிமிடம் வாசித்துப் பார்ப்பது, எழுதப்பட்ட எல்லா மதிப்புரைகளையும் விட மேல்.

ஸ்வரம் வாசிப்பதில்தான் கிரிட் தன் முழு அழகைக் காட்டுகிறது என்பது என் எண்ணம். வழக்கமான அமைப்பில் வலப்பக்கம் ஒரு கட்டம் நகர்ந்தால் அரை ஸ்வரம் ஏறும். மேலே ஒரு வரிசை ஏறினால் ஐந்து அரை ஸ்வரங்கள், அதாவது ஸ-விலிருந்து சுத்த மத்யமம் வரை, ஏறும். இதனால் ஒரு ஸ்வரக்கோவையின் விரல் வடிவம் எந்த ஸ்ருதிக்கும் மாறாது. கீபோர்டில் ஸ்ருதியை மாற்றினால் கறுப்பு வெள்ளைக் கட்டைகளின் வரிசை மாறி விரல்கள் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். இங்கே கை ஒரு கட்டம் தள்ளி உட்கார்ந்தால் போதும். எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் இந்த அமைப்பு 43 அரை ஸ்வரங்களை, ஏறத்தாழ மூன்றரை ஸ்தாயியைத் தருகிறது; ஒரே ஸ்வரம் இரண்டு இடங்களில் அகப்படுவதால் விரலுக்கு வசதியான இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம். ஒரு ஸ்கேலைத் தேர்ந்தெடுத்து அதில் இல்லாத ஸ்வரங்களை முழுதும் நீக்கிவிடும் அமைப்பும் உண்டு. புஷ்ஷின் இயல்பு அமைப்பு அதுவே. ஏழு ஸ்வர ஸ்கேலில் ஒவ்வொரு வரிசையும் மூன்று ஸ்வரம் ஏறுவதால், கீழ் மூலையிலிருந்து மேல் மூலைக்குச் சரியாக நான்கு ஸ்தாயி வரும்.

ராகம் பற்றிய உங்கள் கேள்விக்கு இங்கேதான் பதில் தொடங்குகிறது. ஸ்கேல் பட்டியலில் பைரவ் என்று இருந்தால் அது நம் மாயாமாளவகௌளையின் ஸ்வரங்கள். மேஜர் என்பது சங்கராபரணம். மேஜர் பென்டடானிக் என்பது மோகனம். நோவேஷன் கருவிகள் சிலவற்றின் பட்டியலில் தோடி என்ற பெயர் இருக்கும். ஆர்வத்தோடு அழுத்திவிடாதீர்கள், அது இந்துஸ்தானித் தோடி, அதன் ஸ்வரங்கள் நம் சுபபந்துவராளியுடையவை. நம் தோடியின் ஸ்வரங்கள் வேண்டுமானால் ஃப்ரிஜியன் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் ஸ்கேல் அமைப்பு ஸ்வரங்களை மட்டுமே காக்கும். ஆரோகண அவரோகண வேறுபாடோ ஆனந்தபைரவி போன்றவற்றின் வக்ர சஞ்சாரமோ அதற்குத் தெரியாது, அவற்றை உங்கள் விரல்தான் காக்க வேண்டும். ஸ்வரத்தை அசைத்தும் இழுத்தும் பாடும் கமகத்தைப் பொறுத்தவரை, ஹார்மோனியத்தில் எந்தக் காரணத்தால் அது வருவதில்லையோ அதே காரணத்தால் லாஞ்ச்பேடிலும் வராது: ஒவ்வொரு கட்டமும் அசையாத ஒரு ஸ்வரம். புஷ் 1, புஷ் 2 கருவிகளின் ஓரத்திலுள்ள தொடுபட்டையை மற்றொரு கையால் தேய்த்து ஸ்வரத்தை வளைக்கலாம் என்றாலும், வாசிக்கும் எல்லா ஸ்வரங்களும் ஒன்றாக வளையும். ஒவ்வொரு விரலும் தன் ஸ்வரத்தைத் தனியே வளைக்க எம்பிஇ என்ற மிடி நீட்சி வேண்டும். அது 2018-ல் தரப்படுத்தப்பட்டது. லைவ் மென்பொருள் 2021-ல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து அதை ஏற்கிறது. 2023-ல் வந்த புஷ் 3-இன் பேட்களும், அதே ரோஜர் லின் 2014-ல் கொண்டுவந்த 200 கட்டங்கள் கொண்ட லின்ஸ்ட்ருமென்ட்டும் இவ்வகை. ஜாரு போன்ற நீண்ட இழுப்புகள் இவற்றில் நன்றாகவே வருகின்றன. ஸ்வரத்தை அசைத்துக்கொண்டேயிருக்கும் கம்பிதம் வீணைத் தந்தியில் வருவதுபோல் வருமா என்றால், என் காதுக்கு இன்னும் வரவில்லை. இதில் என்னோடு உடன்படாத வாசிப்பாளர்களும் இருக்கிறார்கள். எதுவானாலும் முதல் கருவியாக இவற்றை வாங்கச் சொல்ல மாட்டேன்.

தாளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எட்டுப் பத்திகள் கொண்ட கிரிட் ஆதிதாளத்துக்கும் மேற்கத்திய நான்கடிக்கும் தானாகப் பொருந்துவதுபோல் ஏழடித் தாளமான மிஸ்ர சாபுக்குப் பொருந்தாது என்பதைச் சொல்லிவைக்க வேண்டும். லைவில் தாள அமைப்பை 7/8 என்று மாற்றிவிட்டால் ஒரு பார் ஏழு அடியாகிக் கிளிப்கள் ஏழின் முடிவில் சரியாக மாறும். 2020-ல் வந்த லாஞ்ச்பேட் ப்ரோவின் மூன்றாம் பதிப்பிலுள்ள தாள வரிசைப் பலகையில் ஒரு வடிவத்துக்கு 32 படிகள் உண்டு. முடிவை 28-ஆம் படியில் வைத்தால் நான்கு ஏழுகள் கிடைக்கும், வரிசைகள் எட்டெட்டாகவே இருப்பதால் கண்ணுக்கு மட்டும் சற்றுக் கோணலாகத் தெரியும்.

உங்கள் நிலைமைக்கு என் பரிந்துரையைச் சொல்கிறேன். நீங்கள் லைவ் பயன்படுத்துகிறீர்கள், செய்துவைத்த ட்ராக்குகளை மேடையில் வாசிக்கப்போகிறீர்கள், ராகம் வாசிக்கும் ஆசையும் இருக்கிறது. ஒரே கருவியில் இரண்டும் வேண்டுமென்றால் லாஞ்ச்பேட் எக்ஸ் வாங்குங்கள். ராகத்தைக் கீபோர்டிலேயே வாசித்துக்கொள்வேன், கிளிப்கள் மட்டும் போதும் என்றால் 2022-ல் வந்த ஏபிசி மினியின் இரண்டாம் பதிப்பை மினி லாஞ்ச்பேடுக்கு மேலாக வைப்பேன். அதில் 64 வண்ணப் பொத்தான்களுக்குக் கீழே ஒன்பது ஃபேடர்கள், அதாவது ஒலியளவை ஏற்றி இறக்கும் நகர்த்திகள், இருக்கின்றன: எட்டு ட்ராக்குக்கு ஒவ்வொன்று, மொத்த ஒலியளவுக்கு ஒன்று. லாஞ்ச்பேட் எக்ஸிலும் பேட்களையே ஒலியளவுக் கட்டுப்பாடாக மாற்றலாம், ஆனால் அப்போது கிளிப்கள் கண்ணிலிருந்து மறைந்துவிடும். மேடையில் இது சின்ன விஷயமல்ல. பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் போக வேண்டும் என்பதே முதல் தேவையானால் மினி லாஞ்ச்பேட் நல்ல கருவிதான், குறை சொல்ல மாட்டேன். லாஞ்ச்பேட் ப்ரோவுக்குக் கூடுதல் விலை கொடுப்பது, வெளியே ஒரு சின்தசைசரையோ டிரம் மெஷினையோ மிடி கம்பியால் இணைத்து, கணினியின் துணையின்றியே இயக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் பொருளுடையது.

புஷ்ஷைப் பற்றி எனக்குள் இரண்டு மனம் உண்டு. திரையைப் பார்க்காமல் ஒலி தேர்வு, பதிவு, கலவை எல்லாவற்றையும் கையாலேயே செய்யவைக்கும் அதன் அமைப்பு மற்றவற்றில் இல்லாதது. அதன் பேட்கள் வாசிக்கவும் சிறந்தவை. ஆனால் அது லைவ் மென்பொருளுக்கென்றே பிறந்தது. நாளை நீங்கள் எஃப்எல் ஸ்டுடியோ, லாஜிக் போன்ற வேறு இசை மென்பொருளுக்கு மாறினால் அதன் பெரும்பகுதி பயனற்றுக் கிடக்கும். லாஞ்ச்பேட் வரிசையோ எஃப்எல் ஸ்டுடியோவின் பர்ஃபார்மன்ஸ் அமைப்பிலும், லாஜிக் 2020-ல் கொண்டுவந்த லைவ் லூப்ஸிலும் வேலை செய்கிறது. எந்த மென்பொருளோடு நீடிக்கப்போகிறோம் என்பது ஓராண்டுப் பழக்கத்தில் பலருக்கு முடிவாவதில்லை.

எதை வாங்கினாலும் முதல் வாரத்தில் பேட் தாமதமாக ஒலிப்பதாகத் தோன்றலாம். கருவியைக் குறை சொல்லும் முன் இரண்டைப் பாருங்கள். கிளிப் தாமதமானால் அது மேலே சொன்ன குவான்டைசேஷன். டிரம் அடி தாமதமானால் பெரும்பாலும் ஒலி அமைப்பில் பஃபர், அதாவது கணினி ஒலியை வெளியிடும் முன் சேர்த்துவைக்கும் அளவு, அதிகமாக இருக்கும்: 44,100 ஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் பஃபர் என்றால் அது மட்டுமே 23 மில்லிநொடி, 256 என்றால் 6 மில்லிநொடிக்குள். விண்டோஸ் கணினியில் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ டிரைவர் இல்லாமல் விரல் வாசிப்பைப் பழகுவது வீண் முயற்சி. நல்ல பேட் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை எளிய ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (கணினிக்கு வெளியே இணைக்கும் ஒலிப் பெட்டி) ஒதுக்குவது, ஒரு படி உயர்ந்த பேட் வாங்குவதைவிடப் பயன் தரும் என்று நினைக்கிறேன். மேடைக்கு முன் விண்டோஸின் மின்சக்தி அமைப்பில் யுஎஸ்பி உறக்கத்தை நிறுத்திவையுங்கள். பேட்டை ஹப் வழியாக இணைப்பதானால் தனி மின்சாரம் உள்ள ஹப்பே வேண்டும்.

பழைய கருவி வாங்கும் எண்ணமிருந்தால் அது தவறில்லை, ஆனால் பதிப்பைச் சரியாகக் கேட்டு வாங்குங்கள். 2009-ன் முதல் லாஞ்ச்பேடிலும் அடுத்து வந்த எஸ் பதிப்பிலும் சிவப்பு, பச்சை, அவற்றின் கலவை நிறங்கள் மட்டுமே. முழு வண்ணம் 2015-ல் வந்த இரண்டாம் பதிப்பு, ப்ரோ ஆகியவற்றிலிருந்துதான்; மினிக்கு அது 2019-ன் மூன்றாம் பதிப்பில்தான் வந்தது. ஏபிசி மினியின் 2014-ன் முதல் பதிப்பிலும் முழு வண்ணம் கிடையாது. கையில் வாங்கியதும் ஒவ்வொரு பேட்டையும் மிக மெல்ல ஒருமுறை, வலுவாக ஒருமுறை தட்டி, மென்பொருளில் வெலாசிட்டி எண்ணைப் பாருங்கள்: மெல்லிய தட்டு விடுபடுகிறதா, ஒரு தட்டுக்கு இரண்டு ஒலி வருகிறதா, ஓரங்களில் அழுத்தினால் பக்கத்துப் பேட் பேசுகிறதா என்று தெரிந்துவிடும். எல்லாக் கட்டங்களையும் வெள்ளை நிறத்தில் ஒளிரவிட்டால் மங்கிய விளக்கும் நிறம் திரிந்த விளக்கும் அகப்படும். புதிய கருவியோடு தரப்படும் லைவ் லைட் (லைவின் எளிய பதிப்பு) உரிமம் முதல் உரிமையாளரின் கணக்கில் ஏறியிருக்கும் வாய்ப்பு அதிகம். உங்களிடம் ஏற்கனவே லைவ் இருப்பதால் அதற்காக விலையில் ஒன்றும் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை.